ஆளுக்கொரு கடவுச்சொல்

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் புதிதாகக் கட்டிய இருபது வீடுகளுக்கு யார் யார் போவது என்ற பட்டியல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது. ஒரே மாதத்தில் அது இரண்டு முறை தானாக மாறிவிட்டது. ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்பதால், யாரைக் கேட்டாலும், "நான் இல்லீங்க சேர்."

மேனேஜர் பதுளையிலிருந்து கம்ப்யூட்டர்காரி யசோதினியை வரவழைத்தார். அவள் மவுஸைத் தொடவே இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினாள். சர்வருக்கு என்ன பெயர், நிர்வாகியின் கடவுச்சொல் என்ன என்று அது கேட்கக் கேட்கப் பதில் அடித்தாள். தேநீர் ஆறுவதற்குள், யார் யார் உள்ளே நுழையலாம் என்று கணக்கு வைக்கும் டைரக்டரி சர்வர் தயார்.

"இனி ஆளுக்கொரு பேரு, ஆளுக்கொரு பாஸ்வேர்ட். யாரு பட்டியல தொட்டாலும் பேரும் நேரமும் பதிஞ்சிரும்," என்றாள்.

கிளாக்கர் கிருஷ்ணராஜ் பட்டியலை இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். தங்கை பூவம்மா இரண்டு பிள்ளைகளோடு லயத்து வரிசை வீட்டில், ஒழுகும் ஒற்றைக் காம்பரா அறையில் கிடக்கிறாள். பட்டியலில் அவள் பெயர் இல்லை. எப்படியாவது நுழைத்துவிட வேண்டும். இருபதாவது பெயர் யாருடையதோ, பாவம்தான். ஆனால் சொந்தத் தங்கை அதைவிடப் பாவம்.

கடவுச்சொல் கொடுக்கும் முறை வந்தது. கிருஷ்ணராஜ் ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தட்டி முடித்தார். பழைய பழக்கம்.

பக்கத்து மேசைக் கலாராணி விழித்தாள். "எட்டு எழுத்துக்குக் கொறையக் கூடாதாமே, என்னண்ணே போடுறது?"

"நம்ம கோயில் அம்மன் பேரப் போட்டு, பொறந்த வருஷத்தயும் சேத்துக்கம்மா. மறக்காது."

அவளுடைய பிறந்த வருஷம் அவர் பார்க்கும் ஊழியர் கோப்பிலேயே இருந்தது. இனி அவளுக்கும் மறக்காது, அவருக்கும் மறக்காது.

மறுநாள் மத்தியானம் கலாராணி ஏதோ வேலையாக, இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கும் ஃபெக்டரி ஆபீஸுக்குப் போனதும், அவர் அவளுடைய பெயரில் பட்டியலைத் திறந்தார். இருபதாவது பெயரை அழித்தார். பூவம்மாவை ஏற்றினார். மாட்டினால் கலாராணிதான் மாட்டுவாள். நிம்மதியாகச் சோற்றுப் பார்சலைப் பிரித்தார்.

மாலையில் மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். கையில் ஒரே ஒரு தாள், சர்வர் கொடுத்த பதிவு.

"பன்னெண்டு நாப்பது. கலாராணி, நீங்க இவர் தங்கச்சிக்கு ஒரு வீடு குடுத்திருக்கீங்க."

கிருஷ்ணராஜ் அதிர்ந்துபோனவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

"அதே பன்னெண்டு நாப்பது. கிருஷ்ணராஜ், நீங்க இவங்க அக்காவுக்கு ஒரு வீடு குடுத்திருக்கீங்க. நல்ல ஒத்துமை. ரெண்டு பேரும் நாளையிலருந்து வேலைக்கு வர வேணாம்."

இப்போது கிருஷ்ணராஜ் உண்மையாகவே அதிர்ந்தார். சத்தியமாக அவர் அதைச் செய்யவில்லை. செய்யவில்லை என்பதற்கு அவரிடம் அசைக்க முடியாத ஆதாரமும் இருந்தது.

அந்த நிமிடத்தில் அவர் கலாராணியின் பெயரில் வேறொரு திருட்டைச் செய்துகொண்டிருந்தார்.