மனசு மாற ஒரு ஜெபம்

"என் பையனுக்காக நீங்க ஒரு ஜெபம் பண்ணணும் பிரதர். பாஸ்டர்கிட்ட இதைக் கொண்டுபோக முடியாது."

மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த பாடகர் நிமிர்ந்தார். வந்திருப்பது பாஸ்டரின் சொந்த அக்கா. சபையில் எல்லாருக்குமே அக்கா. ஒத்திகை முடிந்து பாடற்குழு கலையும்வரை கடைசி பெஞ்சில் காத்திருந்துவிட்டு வந்திருக்கிறார்.

ஆண்டவரிடம் நேரே கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பாட்டுக்காரரிடம் சிபாரிசுக்கு வருவது வழக்கம்தான். பரீட்சை, விசா, மூட்டுவலி என்று எதையும் அவர் தட்டிக்கழித்ததில்லை.

"சொல்லுங்கக்கா. வேலை விஷயமா?"

"வேலைக்கென்ன, கைநிறைய சம்பளம். இது வேற." அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவனுக்குப் பொண்ணுங்க மேல நாட்டமே இல்ல. ஆம்பளைங்க மேலதான். அஞ்சு வருஷமா எனக்குத் தெரியும். தெரியாத மாதிரியே இருந்துட்டேன்."

பாடகர் வயரைக் கீழே வைத்தார்.

"இப்ப பெரிய தப்பு ஒண்ணு பண்ணப் போறான். தலைகீழா நின்னு பார்த்துட்டேன், கேக்கமாட்டேங்கிறான். நாளைக்கு வாழ்க்கையே பாழாப்போயிடும். அவன் மனசு மாறணும்னு ஜெபம் பண்ணுங்க."

போன வருடம் பாடற்குழுவின் கிடார்காரரைப் பற்றி இப்படி ஒரு வதந்தி கிளம்பியது. விசாரணை கிசாரணை எதுவும் இல்லை. பாஸ்டர் மேடையில் நின்றபடியே அவரைச் சபையை விட்டு விலக்கினார். அன்று பாடகர் வாயே திறக்கவில்லை. அடுத்த பாட்டுக்குக் கீபோர்டில் கை வைத்தார். அந்த வெட்கம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

இன்று வாயைத் திறந்தால், பதினெட்டு வருடமாகக் கட்டி வளர்த்த பாடற்குழு கையைவிட்டுப் போகும். அது தெரிந்தேதான் திறந்தார்.

"அந்த ஜெபத்தை நான் பண்ண மாட்டேன்க்கா."

"ஏன் பிரதர்?"

"பண்ணிப் பார்த்துட்டேன். பதினேழு வயசுல ஆரம்பிச்சு, பத்து வருஷம், எனக்காகவே. முழங்கால் காய்ச்சுப்போனதுதான் மிச்சம்."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரையே பார்த்தார்.

"ஆமாம், நானும் உங்க பையன் மாதிரிதான். ஒருநாள், 'மாத்த முடியலையா, இல்ல மாத்த இஷ்டமில்லையா'ன்னு ஆண்டவர்கிட்டயே சண்டை போட்டேன். அந்தக் கோபத்தோட கீபோர்டு முன்னாடி உக்காந்தேன். வாராவாரம் நீங்க அழுதுக்கிட்டே பாடுறீங்களே, அந்தப் பாட்டு வந்துச்சு. பிடிக்காதவன் கையில அப்படி ஒரு பாட்டைக் கொடுப்பாராக்கா?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாடகருக்கோ நிறுத்த முடியவில்லை.

"அவர்கிட்ட நான் எதையும் ஒளிச்சதில்ல. உங்ககிட்ட எல்லாம்தான் ஒளிச்சேன். இன்னிக்கோட அதுவும் போச்சு. தாராளமா பாஸ்டர்கிட்ட சொல்லுங்க. இந்தக் கீபோர்டை வேணா பிடுங்கிக்கட்டும், ஆண்டவரை என்கிட்டேருந்து பிடுங்க முடியாது. உங்க பையன்கிட்டேருந்தும் முடியாது. அவனை மாத்தச் சொல்லி என்னைக் கேக்காதீங்க!"

பல வருடங்களுக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு வந்தது. அக்கா கத்துவார், இல்லையென்றால் பாஸ்டர் அறைக்கு ஓடுவார் என்று காத்து நின்றார்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அழுத்தமாக உட்கார்ந்தார்.

"நான் இன்னும் சொல்லி முடிக்கவே இல்லியே தம்பி" என்றவர், கைப்பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் கீபோர்டின் மேல் வைத்தார். "பாஸ்டர் பார்த்து முடிச்ச சம்பந்தம். அவருக்குப் பயந்து என் பையன் தலையாட்டிட்டான், அந்தப் பொண்ணுக்குப் பாவம் ஒண்ணுமே தெரியாது. 'எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம், நான் இப்படித்தான்'னு, இப்ப நீ சொன்ன மாதிரியே அவன் மாமன் முகத்துக்கு நேரா சொல்லணும். அதுக்குத்தான் ஜெபம் பண்ணச் சொன்னேன், ஆரம்பி!"