கருப்பு இட்ட உத்தரவு

"சாட்டைய எடுங்க பூசாரி. நாலு சாத்து சாத்துனாத்தான் அது போவும்" என்றாள் மருதாயி.

அவள் மகள் வேம்பு கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு அரியலூரில் டைப் கிளாஸுக்குப் போன பெண். கண்டவர்களும் தொட்ட மிஷினைத் தொட முடியாமல் அதையும் விட்டாயிற்று. இப்போது சோப்பும் தண்ணீரும்தான் கதி.

கீழப்பழுவூருக்கு வெளியே இருந்த அந்தக் கருப்பசாமி கோயிலுக்கு, அப்பா போன பிறகு கொளஞ்சிதான் பூசாரி. வேம்புவைவிடக் கொஞ்சம்தான் மூத்தவன். சூடத் தட்டைத் துடைத்து வைத்தான். வைத்ததை எடுத்து மறுபடி துடைத்தான்.

"என்ன பண்ணுது பொண்ணுக்கு?"

"கையக் கழுவுறா, கழுவுறா, கழுவிக்கிட்டே இருக்கா. போட்ட சோறு காஞ்சு போவுது. திருமானூர்லேருந்து பொண்ணு பாக்க வராங்க. வெடிச்சுப்போன இந்தக் கையப் பாத்தா எவன் கட்டுவான்? எந்தம்பி என்னடான்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்குறான். எம் மவ என்ன பைத்தியமா?"

கொளஞ்சி குடத்துத் தண்ணீரில் தட்டைக் கழுவி இன்னொரு தடவை துடைத்தான்.

"பாத்தியாடி?" மருதாயி மகளை இடித்தாள். "அதுக்குப் பேருதான் சுத்தம். அதான் அவரு மேல கருப்பு எறங்குது. ஒன்னோடது பீடை."

கொளஞ்சி வேம்புவைப் பார்த்தான். "கழுவலன்னா என்ன ஆவும்னு தோணுது?"

"அம்மா செத்துடும்னு தோணுது" என்றாள் வேம்பு. "அப்படியெல்லாம் ஆவாதுன்னு எனக்கே தெரியுதுங்க. ஆனா வுடமாட்டேங்குது."

மருதாயிக்கு இது புதுச் செய்தி.

கொளஞ்சி சூடம் ஏற்றிச் சாட்டையைக் கையில் எடுத்தான். உடம்பு குலுங்கியது. வேம்பு கண்களை இறுக மூடிக்கொண்டாள். சாட்டை சுளீரென்று தரையில் விழுந்தது.

"ஏய்! எம் புள்ள மேல ஒரு அடி வுழக் கூடாது! பேயும் இல்ல, பீடையும் இல்ல. திருச்சி பெரியாஸ்பத்திரியில மனசுக்குப் பாக்குற டாக்டரு இருக்காரு. திங்கக்கெழம கூட்டிட்டுப் போ. இது கருப்பு உத்தரவு!"

மருதாயி தடாலென்று விழுந்து கும்பிட்டாள். "சரி சாமி. மொத பஸ்ஸுக்கே போறோம் சாமி."

சாமி மலையேறியது. தம்பி சொன்னபோது வராத நம்பிக்கையோடு மருதாயி வெளியே போய்ச் செருப்பைத் தேடினாள். வேம்பு தயங்கித் தயங்கித் திருநீற்றுக்குக் கையை நீட்டினாள்.

"மொத வாரம் வாய் வறளும், தலை சுத்தும். பயந்துட்டு மாத்திரைய நிறுத்திடாத" என்றான் கொளஞ்சி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."