கருநீலம்

தாவரவியல் செய்முறைத் தேர்வில் தமயந்தி இலையை ஆல்கஹாலில் வேகவைத்துப் பச்சையம் போக்கி, அதன்மேல் அயோடினைச் சொட்டினாள். வெயில் பட்ட இலை மாவுச்சத்து தயாரித்திருக்கும். அயோடின் பட்டதும் கருநீலமாக வேண்டும். ஆகவில்லை. பழுப்பாகவே கிடந்தது.

மற்ற எல்லாரும் தாளில் கருநீலம் என்று எழுதியிருந்தார்கள். அவள் பழுப்பு என்று எழுதினாள்.

"உனக்கு மட்டும் ஏம்மா வரல?" என்றார் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர்.

"யாருக்குமே வரல சார். எல்லாம் ஒரே செடியில பறிச்ச இலைதான்."

தேர்வாளர் ஆசிரியை புளோராவைத் திரும்பிப் பார்த்தார். பழைய மாவுச்சத்து தீரட்டும் என்று செடியை இருட்டு அலமாரியில் வைத்தவர் புளோராதான். காலையில் அதை வெயிலில் எடுத்துவைக்க மறந்தவரும் அவர்தான்.

"இவ எப்பவுமே இப்படித்தான் சார். கவனமே கிடையாது" என்றார் புளோரா.

தமயந்தி தேறவில்லை.

மறுதேர்வு நாளில் செடி நல்ல வெயிலில் நின்றிருந்தது. தமயந்தி இலையைப் பறிப்பதற்கு முன்பே கருநீலம் என்று எழுதி முடித்தாள். புளோரா குனிந்து தாளைப் படித்தார்.

"இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.