ஆளுக்கு நான்கு எட்டு

"தோத்தவன்தானுங்க மிஸ் நடந்து வரோணும். ஜெயிச்சவன் நான் எதுக்குங்க போகோணும்?"

"ஏனுங்க மிஸ், தோத்தது பத்தாதுன்னு நடக்க வேற நடக்கோணுங்களா?"

தாஜுன்னிசா மிஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

மேடையின் இடது கோடியில் நீலச் சட்டையில் வடக்குப் படைத் தளபதி சபரீஷ். வலது கோடியில், திருப்பூர் கட்பீஸில் தைத்த சாம்பல் சட்டையில் தெற்குப் படைத் தளபதி யஷ்வந்த். இருவரும் எட்டாம் வகுப்பு பி பிரிவு.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்துவிட்டது. அடிமை முறை ஒழிந்துவிட்டது. இனி இவர்கள் இருவரும் கட்டிப்பிடித்தால் நாடு ஒன்றாகிவிடும், ஆண்டு விழா நாடகமும் முடிந்துவிடும்.

அதற்குத்தான் முக்கால் மணி நேரமாக மாட்டேன் என்கிறார்கள்.

நான்கு மணிக்குத் தாளாளர் சுந்தரராஜுலு ஒத்திகை பார்க்க வருகிறார். முடிவு சரியாக வராவிட்டால் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை நடனத்துக்குக் கொடுத்துவிடுவதாகக் காலையிலேயே சொல்லிவிட்டார். அரையாண்டு விடுமுறை முழுக்க உட்கார்ந்து அவள் எழுதிய நாடகம்.

மணி மூன்று ஐம்பது.

கெஞ்சிப் பார்த்தாள். மதிப்பெண்ணைச் சொல்லி மிரட்டினாள். நிஜத் தளபதிகளே இந்நேரம் சமாதானமாகி வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று கத்தியும் பார்த்தாள்.

"அவியளுக்கு என்னுங்க மிஸ், வெறும் சண்டைதான்," என்றான் சபரீஷ். "இவன் என்ற டிபனைத் தின்னுபோட்டு இல்லைன்னவனுங்க."

கடைசியில் அவளே மேடையேறினாள். நட்டநடுவே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்தாள். காலால் அளந்தாள். இந்தப் பக்கம் நான்கு எட்டு, அந்தப் பக்கம் நான்கு எட்டு.

"ரண்டு பேரும் ஒரே சமயத்துல காலெடுத்து வைக்கோணும். யாரும் யாரைத் தேடியும் போகல. கோட்டைத் தேடித்தான் போறீங்க. போதுமா சாமி?"

தளபதிகள் குனிந்து கோட்டைப் பார்த்தார்கள். யஷ்வந்த் ஒருமுறை தானும் அளந்து பார்த்துக்கொண்டான்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

தழுவிக்கொண்டார்கள்.

படைகள் இரண்டும் ஓவென்று கத்தின. அட்டைத் துப்பாக்கிகள் மேலே பறந்தன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே தாளாளரின் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து லோகப்பிரியா வந்தாள். முதல் காட்சியில் அடிமைச் சந்தையில் விலைபோனவள். பின்னால் ஒட்டிக்கொண்டே இன்னும் ஆறு பேர் வந்தார்கள்.

ஏழு பேருக்கும் ஒரே கயிறு, மணிக்கட்டோடு மணிக்கட்டாக. இரண்டரை மணிக்குத் தாஜுன்னிசாவே போட்ட முடிச்சுகள்.

தாஜுன்னிசா கையிலிருந்த பிரதியை வேகமாகப் புரட்டினாள். இரண்டாம் காட்சி, மூன்றாம் காட்சி, கடைசிக் காட்சி. எங்கேயும் அவர்களுக்கு ஒரு வரி இல்லை.

"அவிய கட்டிப்புடிச்சு முடிச்சுட்டாங்கன்னா," என்றாள் லோகப்பிரியா, "எங்களைக் கொஞ்சம் அவுத்து உடுங்க மிஸ்."