கிரிம்பிள் துரையின் கையெழுத்து

“பத்திரத்தைக் காணோமா? நாகப்பன் மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருக்காரா?” இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் ராஜசேகர் சட்டென்று கொட்டகைப் பக்கம் திரும்பினார்.

“காலைல கைல வெச்சுப் பாத்துக்கினு இருந்தாரு. திடீர்னு சைக்கிள எடுத்துக்கினு போயிட்டாரு” என்றாள் நாகப்பன் மனைவி முனியம்மாள், புளியைக் கரைத்தபடி.

1991-இல் வடக்குப்பட்டுக்கு வருகிறவர்கள் நிலத்தைத்தான் தேடுவார்கள். ஃபேக்டரி சூப்பர்வைசர் ராஜசேகர் தேடியது காகிதத்தை. வெள்ளைக்காரன் காலத்து நிலக் கம்பெனிகள், பணம் போட்டவர்களுக்குக் கொடுத்த முதலீட்டுப் பத்திரங்களைச் சேர்ப்பதில் மனிதருக்கு அப்படியொரு பைத்தியம்.

அதிலும் அப்படியொரு கம்பெனியை நடத்திய கிரிம்பிள் துரை கையெழுத்துப் போட்ட பத்திரத்துக்காக வருடக்கணக்கில் நாயாக அலைந்தார். நேற்று இந்த வீட்டில் அதைக் கண்டதும் அழுதேவிட்டார்.

“கையெழுத்து கொஞ்சம் மங்கலா இருக்கு. ஆனா அதுதான்யா இதுக்கு உயிரே!” என்று நாகப்பனிடம் சொன்னார்.

“வெள்ளிக்கிழமைல வூட்லேர்ந்து எதையும் தர மாட்டோம் சார். நாளைக்கு வா” என்றுவிட்டான் நாகப்பன்.

இப்போது கொட்டகையில் பசு எதையோ சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. ராஜசேகர் பாய்ந்துபோய் அதன் முன்னால் மண்டியிட்டார்.

“வாயைத் திற தாயி! முழுங்கிடாதே!”

பசு அவருடைய யூனிஃபார்ம் காலரை நக்கியது.

“மாடு நல்லாத்தான் கீது சார். உனக்குத்தான் இன்னாவோ ஆயிட்ச்சு” என்றாள் முனியம்மாள்.

அந்த நேரம் பார்த்து சைக்கிள் மணி கேட்டது. நாகப்பன் வியர்க்க விறுவிறுக்க வந்து ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினான். “இந்தா சார், உன் பத்திரம். இதுக்காவ கால்கடுக்க நின்னேன்.”

ராஜசேகர் அவனை அப்படியே கட்டிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கவரைப் பிரித்தார். பத்திரம் ஓரம்கூட மடங்காமல் முழுசாக இருந்தது. அடியில் மட்டும் ஊதா நிறத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், அதன் பக்கத்தில் பளபளவென்று பச்சை மை.

“யோவ், இது யார் கையெழுத்து?”

“கெஜட்டட் ஆபீசர் சார். நம்ம மாட்டு டாக்டரு!”

ராஜசேகர் பத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேடினார். “துரையோட கையெழுத்து எங்கய்யா?”

நாகப்பன் பெருமையாகச் சிரித்தான்.

“நீதான் மங்கலா கீதுன்னியே சார்… அதும் மேலயே நல்லா அழுத்திப் போடச் சொல்லிட்டேன்!”