முன்னால் கை வைத்தவன்

செங்கோடன் கெங்கவல்லியில் ஒரு பழைய காரை வாங்கி, பச்சை வர்ணம் அடித்து, பரமத்தி வேலூருக்கு ஓட்டி வந்தார். ஒரே வாரத்தில் அது படுத்துவிட்டது.

சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் ஞானதாஸ், மாட்டுக்கொட்டகையிலேயே எஞ்சினைப் பிரித்தார். பிரித்ததும் முன்னவனைத் திட்டுவது மெக்கானிக் மரபு. ஞானதாஸ் மரபு தவறாதவர்.

“டைமிங் செயினைத் தொளதொளன்னு மாட்டியிருக்கானுங்க. அது நழுவி, பிஸ்டன் முட்டி, வால்வு அத்தனையும் வளைஞ்சு போச்சு. இவனெல்லாம் மாடு மேய்க்கப் போயிருக்கோணும்!”

“முன்னால வேலை பார்த்தவன் ஆருன்னு கேட்டு, வண்டி படுத்த அன்னிக்கே பழைய ஓனருக்குக் கடுதாசி எழுதச் சொன்னனுங்க. இப்பத்தான் பதில் வந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது, நீங்களே படிச்சுச் சொல்லுங்க. ஆள் தெரிஞ்சா நேர்ல போயி நாலு சாத்து சாத்தோணும்.”

ஞானதாஸ் கடிதத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

“அவன் போன மாசமே செத்துட்டானாமுங்க.”

“அடப் பாவமே! சரி, உடுங்க. இனி இந்த வண்டியில உங்களைத் தவிர ஒருத்தனும் கை வெக்கக் கூடாது.”

ஞானதாஸ் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தினார். அதில் இரண்டே வரிகள்தான் இருந்தன.

‘கடைசியாக எஞ்சினைப் பிரித்து டைமிங் செயின் மாட்டியது சேலம் மெக்கானிக் ஞானதாஸ். அந்த ஆளை மட்டும் மறுபடி வண்டிப் பக்கம் விட்டுவிடாதீர்கள்.’