அரச இலை

பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தரும் வீடியோ கேம் ஒன்றில், விழுகிற பொருள்களில் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் சேதுபதிதான் செய்திருந்தான். கல், பந்து, எவர்சில்வர் டம்ளர் எல்லாம் சூத்திரம் பிசகாமல் விழுந்தன. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து மேசை ஜெசிந்தா செய்தது ஒரே ஒரு அரச இலை. டீயோடு நடந்துபோகிறவர்கள்கூட நின்று அது மெல்ல மிதந்து இறங்குவதைப் பார்த்தார்கள். சோதித்துப் பார்க்க வந்த பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு அந்த இலையையே திரும்பத் திரும்ப விழவைத்தார்கள். சேதுபதிக்கு வயிறு எரிந்தது.

அவள் சாப்பிடப் போன நேரத்தில், அவளுடைய கணினியில் இலையின் கணக்கைத் திறந்தான். புவியீர்ப்பு ஒன்பது புள்ளி எட்டு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி மூன்று இருந்தது. காற்றின் தடை என்ற ஒன்றே இல்லை. "ஃப்ராடு" என்று சந்தோஷமாக முணுமுணுத்தான். பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கலாமா? எண்ணைத் திருத்தினான். காற்றைச் சேர்த்தால் இலை மறுபடியும் மிதக்கும்; அதற்கு மட்டும் மனம் வரவில்லை.

ஜெசிந்தா திரும்பி வந்து இலையை விழவைத்தாள். அது கல்லைப் போல இறங்கியது. மறுபடியும் விழவைத்தாள். மறுபடியும் கல்.

"சேது, கொஞ்சம் வாங்களேன். ஃபிசிக்ஸ்ல நீங்கதானே புலி. என் இலைக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க."

அவள் அவனிடம் ஒன்றைக் கேட்பது இதுதான் முதல் முறை. குனிந்து ஒவ்வொரு வரியாக, ரொம்ப நேரம் பார்த்தான்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை அதை விழவைத்தான்.